மழை நாளில் ஆண்ட்ரிம் கடற்கரைச் சாலையில் வண்டி ஓட்டுவது எப்படி?

வட அயர்லாந்தின் ஆண்ட்ரிம் கடற்கரைக்குப் போவதென்று பல வாரங்களுக்கு முன்பே நாள் குறித்து, ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கு ஜாக்கெட் வாங்கிக் கொடுத்து, முதல் நாள் இரவே புளியோதரையும் கட்டி வைத்துவிட்டு, காலையில் திரையை விலக்கினால் ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருக்கும். இங்கே குடியிருக்கும் எல்லோருக்கும் இது நேர்ந்திருக்கும். "இன்னொரு நாள் போய்க்கொள்ளலாம்" என்று யாராவது சொல்வார்கள். அப்படித் தள்ளிப்போட வேண்டாம் என்பது என் கருத்து. அந்த இன்னொரு நாளிலும் மழை பெய்யக்கூடும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்தக் கடற்கரையில் சில இடங்கள் மழையில்தான் தம் முழு அழகையும் காட்டுகின்றன. ஆனால் வெயில் நாளுக்குப் போட்ட திட்டத்தை அப்படியே மழை நாளில் நிறைவேற்ற முயன்றால் களைப்பும் ஏமாற்றமும்தான் மிஞ்சும். மழை நாளில் கடற்கரை முழுவதையும் பார்க்க நினைக்காமல், காரில் இருந்தபடி பார்க்க வேண்டிய பகுதியை மழை நேரத்துக்கும், இறங்கி நடக்க வேண்டிய பகுதியை மழை விடும் நேரத்துக்கும் ஒதுக்குவதுதான் இங்கே கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை.

எந்தத் திசையில் தொடங்குவது

பெல்ஃபாஸ்டில் தொடங்கி டெரி வரை செல்லும் இந்தப் பாதையை இரண்டு துண்டுகளாக மனத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் துண்டு லார்ன் நகரிலிருந்து கஷெண்டால் வரை, ஏறத்தாழ 25 மைல், கிழக்கு நோக்கிய கடலை ஒட்டியே போகும் சாலை. இதைக் காரிலிருந்தே நன்றாகப் பார்க்கலாம். இரண்டாவது துண்டு பாலிகாசிலிலிருந்து போர்ட்ரஷ் வரை வடக்கு நோக்கிய கரை. ஜயன்ட்ஸ் காஸ்வே என்ற கல்தூண் கரை, கேரிக்-எ-ரீட் கயிற்றுப் பாலம், டன்லூஸ் கோட்டை ஆகிய மூன்றும் இங்கேதான் இருக்கின்றன, மூன்றையும் அருகில் போய்ப் பார்க்க இறங்கி நடக்க வேண்டும்.

இங்கே மழை பெரும்பாலும் அட்லாண்டிக் கடலிலிருந்து, அதாவது மேற்கிலிருந்து வருகிறது. ஆகவே வடமேற்கே உள்ள காஸ்வே பகுதியில் மழை முதலில் தொடங்கும், முதலில் விடுவதும் அங்கேதான். இந்த ஒரு செய்தியை வைத்தே அன்றைய பயணத்தின் திசையை முடிவு செய்துவிடலாம். காலையில் மழை, மதியத்துக்கு மேல் வெளுக்கும் என்று வானிலை அறிக்கை சொன்னால், லார்ன் வழியாகக் கடற்கரைச் சாலையில் வடக்கே ஏறுங்கள். மழை பெய்யும் நேரத்தைக் காருக்குள் கழித்துவிட்டு, காஸ்வேயை அடையும்போது அங்கே வானம் திறந்திருக்க வாய்ப்பு உண்டு. காலையில் மழை இல்லை, பிற்பகலில்தான் மழை என்றால் அப்படியே மாற்றிச் செய்யுங்கள்: எம்2, ஏ26 சாலைகள் வழியாக உள்நாட்டுப் பாதையில் நேரே காஸ்வேக்குப் போய், நடக்க வேண்டியதை நடந்து முடித்துவிட்டு, மழை தொடங்கும்போது கடற்கரைச் சாலை வழியாகத் தெற்கே இறங்குங்கள். நாள் முழுவதும் மழை என்றால் வடக்குக் கரையை மறந்துவிட்டு, லார்ன் முதல் கஷெண்டால் வரை போய், கிளெனாரிஃப் அருவிகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவதே போதும்.

காற்றின் திசையையும் மழையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வடமேற்குக் காற்று பலமாக வீசினால் காஸ்வே கரையில் நிற்க முடியாது. அப்போது கிழக்குக் கரை மலைகளின் மறைவில் ஓரளவு அமைதியாக இருக்கும். தென்கிழக்குக் காற்று என்றால் நிலைமை தலைகீழ், அலைத் தூவானம் கடற்கரைச் சாலையின் மேலேயே விழும். பிரிட்டிஷ் வானிலைத் துறை மஞ்சள், ஆம்பர், சிவப்பு என்று மூன்று நிறங்களில் எச்சரிக்கை வெளியிடுகிறது. மஞ்சளுக்கு நான் திட்டத்தைச் சுருக்குவேன். ஆம்பருக்கும் சிவப்புக்கும் வீட்டை விட்டுக் கிளம்பமாட்டேன். சாலை அடைப்புகளை அறிய டிராஃபிக்வாட்ச் என்.ஐ. தளத்தைக் கிளம்பும் முன்பு ஒருமுறையும், நடுவில் தேநீர் குடிக்கும்போது ஒருமுறையும் பாருங்கள்.

வண்டியும் ஓட்டுபவரும்

நம் ஊரைப்போல இங்கும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டீயரிங்கும் வலப்பக்கம் என்பதால் அந்தக் குழப்பம் இல்லை. இந்திய ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்கள் 12 மாதங்கள் வரை அதைக்கொண்டே இங்கு ஓட்டலாம். வேகம் மைல் கணக்கில் எழுதப்பட்டிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. டப்ளினில் வாடகைக் கார் எடுத்து வருகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அயர்லாந்துக் குடியரசில் பலகைகள் கிலோமீட்டரில் இருக்கும், எல்லையைத் தாண்டியதும் மைலுக்கு மாறிவிடும், எல்லையில் நிறுத்திச் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். எல்லையைத் தாண்ட அந்த வாடகை நிறுவனம் அனுமதிக்கிறதா என்பதையும், இரண்டு நாடுகளுக்கும் உங்கள் விசா செல்லுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

டயரின் வரிப்பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் மழைக்கு அது போதாது, 3 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயரோடு நான் இந்தச் சாலைக்குப் போகமாட்டேன். வைப்பர் ரப்பரை விரலால் தடவிப் பாருங்கள், பிசிறு தட்டினால் மாற்றிவிடுங்கள். ஈரமான உடையோடு நான்கு பேர் ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடிகளில் ஆவி படிந்து வெளியே எதுவும் தெரியாமல் போகும். அதைத் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டுவது ஆபத்து. ஹீட்டரைச் சூடாக வைத்து அதோடு ஏசியையும் போட்டு, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பினால் இரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடும், ஏனெனில் ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடுகிறது. குளிரில் எதற்கு ஏசி என்று நினைத்து அதை அணைத்து வைப்பவர்கள் நம்மில் பலர்.

பிரிட்டனின் சாலை விதிநூல் தரும் கணக்குப்படி, உலர்ந்த சாலையில் 60 மைல் வேகத்தில் செல்லும் கார் நிற்க 73 மீட்டர் தேவை. ஈரச் சாலையில் அது குறைந்தது இரு மடங்காகும், அதாவது ஒரு கால்பந்து மைதானத்தின் நீளத்தைவிட அதிகம். கடற்கரைச் சாலையில் பல வளைவுகளில் அவ்வளவு தூரம் கண்ணுக்கே தெரியாது. 60 மைல் என்பது சட்டம் தரும் மேல்வரம்பு மட்டுமே, மழையில் அங்கே 40 மைலுக்கு மேல் போக வேண்டிய தேவை எனக்கு வந்ததில்லை. முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் இடையே நான்கு விநாடி இடைவெளி விடுங்கள். பின்னால் உள்ளூர்க்காரர் ஒருவர் நெருக்கிக்கொண்டு வந்தால், அடுத்த ஒதுக்கிடத்தில் இடப்பக்கம் ஒதுங்கி அவரைப் போகவிடுங்கள். அவர் கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டுப் போவார், உங்கள் பதற்றமும் அத்தோடு தீரும்.

தேங்கிய நீரில் வேகமாக ஏறினால் டயர் சாலையைத் தொடாமல் நீர்ப்படலத்தின் மேல் வழுக்கும். ஸ்டீயரிங் திடீரென்று கனமில்லாமல் போவதுதான் அதன் அறிகுறி. அப்போது பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருந்தால் டயர் தானாகவே சாலையைப் பற்றிக்கொள்ளும். பகலானாலும் மழையில் ஹெட்லைட்டைக் கையால் போடுங்கள். தானாக எரியும் பகல் விளக்கு பல வண்டிகளில் முன்பக்கம் மட்டுமே எரியும், பின்னால் வருபவருக்கு உங்கள் வண்டி தெரியாது.

லார்ன் முதல் கஷெண்டால் வரை

லார்னைத் தாண்டியதும் பாறையைக் குடைந்த 'பிளாக் ஆர்ச்' என்ற சிறு வளைவுக்குள் சாலை நுழைகிறது. அங்கிருந்து இருபது மைலுக்கு மேல் ஒரு பக்கம் குன்று, மறுபக்கம் கடல், நடுவில் சாலை என்றே போகும். 1830களில் ஸ்காட்லாந்துப் பொறியாளர் வில்லியம் பால்ட் இதை அமைத்தார். அதுவரை இந்தப் பள்ளத்தாக்குகளிலிருந்து வெளியே வர மலை மேல் ஏறி இறங்கும் கரடான வழிகள்தான் இருந்தன. குன்றின் மேலே சாலை போடாமல், பாறையை வெடிவைத்துச் சரித்து, சரிந்த கல்லையே அடித்தளமாக்கிக் கடலோரத்தில் சாலை போடலாம் என்று அவர் எண்ணினார். நீங்கள் ஓட்டிக்கொண்டிருப்பது அந்தக் கற்களின் மேல்தான்.

அவர் ஏன் அப்படி எண்ணினார் என்பது மழை நாளில்தான் நன்றாகப் புரியும். இந்தக் குன்றுகளில் மேலே பசால்ட் என்ற கறுப்பு எரிமலைப் பாறை, அதற்குக் கீழே வெள்ளைச் சுண்ணக்கல், அதற்கும் அடியில் லயாஸ் எனப்படும் களிமண் என்று அடுக்கடுக்காக இருக்கும். மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கிக் களிமண்ணை அடையும்போது, களிமண் குழைந்து மேலே உள்ளதையும் இழுத்துக்கொண்டு சரிகிறது. பாலிகாலிக்கும் கிளெனார்முக்கும் இடையே மின்னிஸ் நார்த் என்ற இடத்தில் சேறு வழிந்து சாலையை மூடுவது பழைய கதை. ஆகவே இந்தப் பகுதியில் சாலையின் குறுக்கே ஓடும் நீரைக் கவனித்தபடி ஓட்டுங்கள். தெளிந்த நீர் ஓடினால் அது வழக்கமான மழைநீர். சாம்பல் நிறச் சேறும், விரல் அளவு வெள்ளைக் கற்களும், கறுப்புச் சிக்கிமுக்கிச் சில்லுகளும் சேர்ந்து வந்தால் மேலே ஏதோ அசைகிறது என்று பொருள். அங்கே படம் எடுக்க நிற்காமல் மெதுவாகக் கடந்து போய்விடுங்கள். சாலையே மூடியிருந்தால் தாண்ட முயலாமல் திரும்புங்கள்.

வடக்கே போகும்போது நீங்கள் குன்றோரப் பாதையில் இருப்பீர்கள், கடல் வலப்பக்கம். தெற்கே வரும்போது கடலோரப் பாதை உங்களுடையது, ஒதுக்கிடங்களில் எதிர்ப்பாதையைக் குறுக்கே கடக்காமலே நிறுத்தலாம். முதல்முறை ஓட்டுபவருக்கு வடக்கே போவது பயமில்லாதது, காட்சிக்குத் தெற்கே வருவது சிறந்தது.

கிளெனார்மைத் தாண்டி, கார்ன்லோவுக்கு முன்னால், பாதுகாப்பான ஒதுக்கிடம் ஒன்றில் வண்டியை நிறுத்தி, எஞ்சினையும் வைப்பரையும் அணைத்துவிட்டுச் சில நிமிடங்கள் பேசாமல் இருங்கள். கூரையில் மழை விழும் ஓசைக்கு அடியில் இன்னொரு ஓசை கேட்கும். அலை பின்வாங்கும்போது கரையின் உருண்டைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு இறங்கும் கடகட ஓசை அது. நெல் அளக்கும்போது மரக்காலிலிருந்து சரிவதைப் போல, ஆனால் பல மடங்கு கனத்தோடு இருக்கும் என்று என் அம்மா சொன்னார். வெயில் நாளில் வண்டிகளின் இரைச்சலில் அது காதில் விழுவதே இல்லை. கண்ணாடியைச் சற்று இறக்கினால் கறுத்து மின்னும் பசால்ட்டும், அதன் கீழே நனைந்து மஞ்சள் ஏறிய சுண்ணக்கல்லும் தனித்தனியாகத் தெரியும். காய்ந்த நாளில் இரண்டுமே வெளிறிக் கிடக்கும்.

வாட்டர்ஃபுட்டில் இடப்பக்கம் திரும்பி ஏ43 சாலையில் சில மைல் ஏறினால் கிளெனாரிஃப் வனப்பூங்கா. மழை நாளில் இந்தப் பயணத்தின் சிறந்த இடம் எதுவென்று கேட்டால் இதையே சொல்வேன். குறுகிய பள்ளத்தாக்கில் பாறைகளை ஒட்டி மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். எஸ்-நா-லாரக் முதலான அருவிகள் மழை பெய்து சில மணி நேரத்துக்குள் கருப்பட்டி கரைத்தாற்போன்ற பழுப்பு நிறத்தில் பொங்கி வரும். அது அழுக்கு அல்ல, மேலே மலையின் புதைகரி மண்ணில் ஊறி வருவதால் வரும் நிறம். பலகைகளில் வழுக்கல் உண்டு, வயதானவர்கள் கைப்பிடியை விடாமல் நடக்க வேண்டும். மரங்கள் அடர்ந்த இடம் என்பதால் பலத்த காற்று வீசும் நாளில் உள்ளே போக வேண்டாம்.

கஷெண்டனுக்கு அப்பால்

கஷெண்டாலுக்கு வடக்கே உள்ள கஷெண்டன் என்ற சிற்றூரிலிருந்து பாலிகாசிலுக்கு இரண்டு வழிகள் உண்டு. டோர் ஹெட் வழியாகக் கடலோரமாகப் போகும் சிறு சாலையைப் புகழாதவர்கள் இல்லை. தெளிந்த நாளில் அங்கிருந்து ஸ்காட்லாந்தின் கின்டயர் முனை ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரத்தில், கைநீட்டினால் எட்டிவிடும்போல் தெரியும். மழை நாளில் அது தெரியாது. ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய அகலம், செங்குத்தான ஏற்றங்கள், திருப்பத்துக்கு அப்பால் படுத்திருக்கும் ஆடுகள், கைபேசிக்குச் சரியாக சிக்னலும் கிடைக்காத இடம். காட்சிக்காகவே போகும் சாலையில் காட்சி இல்லையென்றால் அந்தச் சிரமம் எதற்கு? மழையில் ஏ2 முதன்மைச் சாலையிலேயே போங்கள்.

அந்த வழியில் மழை நாளுக்கென்றே ஒரு பரிசு காத்திருக்கிறது. லோரீமா என்ற 'மறையும் ஏரி' சாலையின் இருபுறமும் இருக்கிறது. அடியிலுள்ள சுண்ணக்கல்லின் துளை வழியே நீர் வடிந்துபோவதால் வறண்ட நாள்களில் அங்கே வெடித்த சேற்றுப் பள்ளம் மட்டுமே தெரியும், ஏரி என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நல்ல மழைக்குப் பிறகு வந்தால் சாலையை ஒட்டி நீர் தளும்பி நிற்கும். பழைய காலத்தில் சாலை தாழ்வாக இருந்தபோது குதிரைவண்டியோடு இங்கே மூழ்கி இறந்தவர்கள் உண்டு. இப்போது சாலையை உயர்த்திவிட்டார்கள் என்றாலும் அந்த இடத்தில் வேகத்தைக் குறைப்பதே நல்லது.

காஸ்வேயும் கயிற்றுப் பாலமும்

கேரிக்-எ-ரீட் பாலம் 20 மீட்டர் நீளமும் கடலுக்கு மேல் 30 மீட்டர் உயரமும் கொண்டது. சால்மன் மீனவர்கள் 1755இல் முதன்முதலில் இங்கே பாலம் கட்டினார்கள். காற்று பலமானால் பாலத்தை மூடிவிடுவார்கள். ஆகவே மழை நாளில் அதை நம்பி மற்ற நேரங்களை அமைக்காதீர்கள். கிளம்பும் முன், பாலத்தைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் தளத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஜயன்ட்ஸ் காஸ்வே சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கியபோது உருவான ஏறத்தாழ 40,000 பசால்ட் தூண்களைக் கொண்டது. 1986இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஃபின் மக்கூல் என்ற அரக்கன் ஸ்காட்லாந்துக்குப் போட்ட பாதை என்பது ஊர்க்கதை. மழையில் தூண்களின் மேற்புறக் குழிகளில் நீர் தேங்கி, அறுகோணங்களின் விளிம்புகள் கோடு போட்டாற்போல் துல்லியமாகத் தெரியும். மேலே குன்றில் ஒரு செந்நிறப் பட்டை ஓடுவதையும் பாருங்கள். இரண்டு எரிமலைப் பெருக்குகளுக்கு இடைப்பட்ட நீண்ட காலத்தில் வெப்பமும் மழையும் சேர்ந்து பசால்ட்டை இற்றுப்போகச் செய்ததால் உண்டான மண் அது. கேரளத்தில் வீடு கட்ட வெட்டியெடுக்கும் செம்புறைக்கல்லும் இதே வகையில் உருவானதுதான். நனையும்போது அந்தச் சிவப்பு நம் ஊர் மண்ணை அப்படியே நினைவூட்டும்.

கற்களில் கால் வைக்கும் விதத்தைக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடலிலிருந்து தள்ளி மேலே இருக்கும் சாம்பல் நிறக் கற்களில் நடக்கலாம். கடலை ஒட்டிய கறுத்த கற்களில் ஏறக் கூடாது. அந்தக் கறுப்பு, அலை அங்கே வரை வந்துபோவதையும், கல்லின் மேல் வழுக்கும் உயிர்ப்படலம் படிந்திருப்பதையும் காட்டுகிறது. அமைதியாக இருப்பதுபோல் தோன்றும் கடலில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு பேரலை வரும் என்பதால் கடலுக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் பார்வையாளர் மையத்திலிருந்து கற்கள் வரை போகும் சிறு பேருந்தில் ஏறிக்கொள்ளட்டும்.

குடையை வண்டியிலேயே விட்டுவிடுங்கள், இந்தக் காற்றில் ஒரு நிமிடம்கூட நிற்காது. தலையை மூடும் மழை ஜாக்கெட்டும், பிடிப்புள்ள காலணியும், ஆளுக்கொரு மாற்றுக் காலுறையும் இருந்தால் போதும். வாகன நிறுத்தத்தில் வண்டியின் முகம் காற்றை எதிர்கொள்ளும்படி நிறுத்துங்கள். பின்னாலிருந்து காற்று அடித்தால், கதவைத் திறந்த கணத்தில் அது கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு முன்னே மடங்கிக் கீலே வளைந்துவிடும். என் வண்டியின் கதவில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அருகிலுள்ள புஷ்மில்ஸ் மழைக்கு ஒதுங்க நல்ல ஊர். 1608இல் இந்த வட்டாரத்துக்கு மது வடிக்க அரச உரிமம் வழங்கப்பட்டதால் வடிசாலை உலகப் புகழ் பெற்றது. சுற்றிப் பார்க்கலாம், ஆனால் வண்டி ஓட்டுபவர் ஒரு வாய்கூடச் சுவைக்கக் கூடாது. அங்கிருந்து போர்ட்ரஷ் போகும் வழியில் டன்லூஸ் கோட்டையை உள்ளே போகாமல் சாலையோர ஒதுக்கிடத்திலிருந்து பார்த்தாலும் மனம் நிறையும். கூரையில்லாத அந்தச் சுவர்களுக்குப் பின்னால் மழை மேகம் நகரும்போதுதான் அந்த இடத்தின் தனிமை நெஞ்சில் பதியும்.

திரும்பும் நேரம்

டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும், ஜூனில் இரவு 10 மணி வரை வெளிச்சம் இருக்கும். குளிர்காலத்தில் மதியம் 2 மணிக்கு எங்கே இருக்கிறீர்களோ அங்கிருந்து வீட்டுக்குத் திரும்புங்கள், அதுவும் கடற்கரைச் சாலையில் அல்லாமல் ஏ26, எம்2 வழியாக. மழை விட்ட மாலையில் மேற்கே தாழ்ந்த சூரியன் ஈரச் சாலையில் பட்டுக் கண்ணைக் கூசும். கறுப்புக் கண்ணாடியை மழை நாளில் யாரும் எடுத்துவருவதில்லை, ஆனால் இங்கே அது தேவை. அவசரத்துக்கு 999 அல்லது 112.

மறுநாள் காலையில் வண்டியின் சக்கரங்களையும் அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். கடல் தூவானத்தின் உப்பு பிரேக் தட்டுகளில் ஒரே இரவில் துருவைக் கிளப்பிவிடும். கால்விரிப்புகளை எடுத்து உலர்த்தாவிட்டால், அடுத்த மழை நாளில் வண்டியில் ஏறியதும் கண்ணாடிகளில் ஆவி படிந்துவிடும்.